பாட்டை முடித்துவைத்த டீச்சர்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீச்சரோடு பஸ் ஏறப் போனால் அந்த பஸ் நேரத்துக்குக் கிளம்பவே கிளம்பாது. அது எங்களுக்குப் பழகிவிட்டது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். கூரைமேல் எங்கள் டிரம்மும் கிடார் பெட்டிகளும் கட்டியாகிவிட்டிருக்கும். அப்போதுதான் டீச்சர் விடைபெற ஆரம்பிப்பார். டீக்கடைக்காரருக்கு ஒரு "வரேண்ணா", பூக்காரம்மாவுக்கு ஒரு "வரேம்மா", சாய்ந்து தூங்குகிற டைம் கீப்பரை எழுப்பி அவருக்கும் ஒன்று. ஒருநாள் கண்டக்டர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னாம்மா, சிங்கப்பூருக்கா போற? தோ கீது மாமல்லபுரம்."

"கிட்டப் போனாலும் போறது போறதுதானே, அண்ணாத்த" என்றார் டீச்சர்.

அந்தக் கண்டக்டர் அதற்குப் பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கற்றுக்கொண்டார்.

டீச்சர் என்றால் டிரில் டீச்சர். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, இப்போது எழுதினால் வேறு யாரையோ எழுதுகிற மாதிரி இருக்கும். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். அப்பா ரயில்வேயில் தண்டவாள கேங்மேன். அப்பாவுக்கு முந்தின தலைமுறை மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக விசில் ஊதிச் சம்பளம் வாங்கியது நான்தான் என்று டீச்சரே சொல்லிச் சிரிப்பார்.

படித்த மிஷன் பள்ளியில் அணிவகுப்புக்கு டிரம் அடித்தவர். அந்தக் குச்சிகளை அவர் கீழே வைக்கவே இல்லை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஒரு பாட்டு கோஷ்டி ஆரம்பித்தபோது, டிரம்முக்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். நாங்கள் என்றால் மூன்று பேர். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த தனசேகர் பாடுவான், லீட் கிடாரும் அவன்தான். அவன் தம்பி இன்னொரு கிடார். நான் பேஸ் கிடார். எனக்கு மாமல்லபுரத்தில் சிற்பக் கடையில் வேலை. என் இங்கிலீஷ் முழுக்க அந்தக் கடை வாசலில் வெள்ளைக்காரர்களிடம் பொறுக்கியது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கோஷ்டிக்கு 'தி கேஷுரினாஸ்' என்று பெயர் வைத்தோம். அர்த்தம் கேட்ட எல்லோரிடமும் சவுக்குமரம் என்று சொல்லிச் சொல்லி, ஊரில் எங்களுக்கு 'சவுக்குக்கட்டை செட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. டீச்சருக்கு அதில் வருத்தமே இல்லை. "நல்லாதானே கீது. அடுப்புல வெச்சா நின்னு எரியும்" என்றார்.

நாங்கள் வாசித்ததெல்லாம் ஒரே ஒரு அமெரிக்க பேண்டின் பாட்டுகள். ஐந்து பேர் கொண்ட பேண்டு. மூர் மார்க்கெட்டில் தனசேகருக்கு அவர்களுடைய இரண்டு இசைத்தட்டுகள் கிடைத்தன. அட்டையில் ஐந்து பேரும் ஒரு பழைய லாரியில் சாய்ந்து நிற்பார்கள். அவர்கள் எந்த ஊர், எப்படிச் சேர்ந்தார்கள், அடுத்த தட்டு எப்போது வரும் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சிற்றலை ரேடியோவில் கொரகொரப்புக்கு நடுவே எப்போதாவது பெயர் அடிபடும். ஓகோவென்று போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டோம். சண்டை என்று ஒருநாள். அப்புறம் ஒன்றுமே இல்லை. பேண்டு கலைந்துவிட்டது என்றுகூட யாரும் சொல்லவில்லை, பேச்சே நின்றுபோய்விட்டது. கேட்டுவிட்டு டீச்சர் முகம் சுளித்தார். "அஞ்சு பேரு கீறாங்க, ஒருத்தனுக்குக்கூட 'போயிட்டு வரோம்'னு சொல்லத் தெரியலியா?"

இங்கேதான் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தட்டில் எந்தப் பாட்டும் முடியாது. கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருப்பார்கள், சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து காணாமல் போய்விடும். அதை அங்கே ஸ்டுடியோவில் ஒரு ஆள் குமிழைத் திருகிச் செய்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் ஒரு வித்தை, அமெரிக்காக்காரன் மெல்ல மெல்ல வாசித்தே மறைகிறான் என்று தனசேகர் நினைத்தான். எங்களுக்கும் பழக்கினான். விரலால் கம்பியைத் தொட்டும் தொடாமலும், குனிந்து, கடைசியில் மூச்சையும் அடக்கிக்கொண்டு வாசிப்போம்.

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்க எங்களுக்கு இடம் கிடைத்தது. முதல் பாட்டை இப்படியே தேய்த்து முடித்தோம். எங்கே கை தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கரண்டிச் சத்தம் கேட்டது, அலைச் சத்தம் கேட்டது. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு சர்வர் எங்கள் பக்கத்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் போனதும் டீச்சர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இன்னாடா இது, கல்யாண வூட்ல துன்னுட்டு சொல்லிக்காம நழுவுற மாதிரி கீது. பாட்டுன்னா வந்தேன்னு சொல்லணும், போறேன்னு சொல்லணும்."

அடுத்த வாரம் முழுக்க அவருடைய பள்ளி மைதானத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, எங்களுக்கு டிரில் நடந்தது. பொய்யில்லை. கழுத்தில் கிடாரை மாட்டிக்கொண்டு மூன்று ஆம்பிளைகள் லெஃப்ட் ரைட் போட்டோம். 'ஹால்ட்' என்றால் இடது காலை ஊன்றி, வலது முட்டியை இடுப்புக்குத் தூக்கி, பக்கத்தில் இறக்க வேண்டும். இரண்டு அடி. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று தனசேகர் கேட்டதற்கு, "ஒரு முட்டி ஏறி எறங்குற நேரம்" என்றார். அதற்குமேல் அளவு கிடையாது. அன்றிலிருந்து எங்கள் பாட்டுகளெல்லாம் அந்த இரண்டு அடியில் முடிந்தன. தம், தம். ஓட்டலில் சாப்பிடுகிறவன் கையை உதறிவிட்டுத் தட்டுவான். பாட்டு முடிந்தது என்று அடித்துச் சொல்வது போல இருக்கும்.

தப்பு செய்தால் டீச்சர் கோபித்துக்கொண்டதே இல்லை. "தப்பா வாசி, வாசிக்காம மட்டும் நிக்காத" என்பார். ஒருமுறை வாசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், எங்கள் மூன்று கிடாரும் செத்துவிட்டன. டீச்சருடையது மட்டும் தோல்தானே, அது எந்தக் கரண்டைக் கேட்கப்போகிறது? தனியாக அடித்துக்கொண்டே போனார். தனசேகர் மைக் இல்லாமல் தொண்டையால் கத்திப் பாடினான். பாட்டு முடிந்தது, இரண்டு அடியோடு.

சினிமாவுக்குப் போனாலும் இதே கதைதான். அப்போதெல்லாம் படம் முடிந்ததும் தேசிய கீதம் போடுவார்கள். 'வணக்கம்' கார்டைப் பார்த்ததுமே ஜனம் கதவை நோக்கி ஓடும். டீச்சர் நட்டுவைத்த கம்பம் போல நிற்பார். கூடப் போனவர்களும் நிற்க வேண்டும். கடைசிச் சத்தம் ஓய்ந்து, விளக்கு போட்டு, பெருக்குகிற அம்மாவிடம் "வரேம்மா" சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். தேசபக்தியா டீச்சர் என்று கேட்டேன். "அதுவும்தான். இன்னொருத்தன் கடசி வரிக்கும் பாடினு கீறான். நடுவுல போனா அவன் மனசு கஷ்டப்படாதா?"

இப்போது அந்த அமெரிக்காக்காரரிடம் வருகிறேன்.

மீனவர் குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் வெள்ளைக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். தாடி, வெறுங்கால், இடுப்பில் கைலி. அந்த நாளில் மாமல்லபுரத்தில் இது ஒரு அதிசயமில்லை. எங்கள் கடைப் படியில் வந்து உட்காருவார், ஒன்றும் வாங்க மாட்டார், கடலைப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஓட்டலுக்கு வந்தார். நாங்கள் அந்த ஐவரின் கடைசித் தட்டில் இருந்த கடைசிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். தம், தம் என்று முடித்தோம். கைதட்டலுக்கு நடுவே அவர் எழுந்து நேராக மேடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

அந்தப் பாட்டுக்கு முடிவு கிடையாது என்றார். அதை எழுதியவன் நான், முடிவு போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றார்.

தனசேகர் என் காதில் முணுமுணுத்தான். "மச்சான், அட்டையில ரெண்டாவதா நிக்கிறவன்டா. தாடிய எடுத்துட்டுப் பாரு."

எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவரேதான். நாங்கள் சாமி மாதிரி வைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டல் மேனேஜர் ஓடிவந்தார். அவருக்கு விருந்தாளி சொன்னால் வேதம். அதுவும் பாட்டுக்குச் சொந்தக்காரரே சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை தட்டில் இருக்கிற மாதிரியே தேய்த்து முடிக்க வேண்டும், அந்த இரண்டு அடி காதில் விழுந்தால் அதோடு எங்களுக்குக் கடைசி, மெட்ராசிலிருந்து ஒரு கோஷ்டி தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் எங்கள் மூன்று பேருக்குப் போவது சனிக்கிழமை மட்டும்தான். டீச்சருக்குப் போவது டிரம்மே. கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்பார்கள், அதுவும் பொம்பிளை டிரம் அடிக்கிறாள் என்றால் வேண்டாம் என்பார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அனுமதி கொடுத்ததும் இந்த ஒரு ஓட்டலுக்குத்தான், அதுவும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டளையோடு. இந்த இடம் போனால் டீச்சருக்கு மிச்சம் விசில் மட்டும்தான்.

தனசேகர் கெஞ்சினான். "அவரு பாட்டு டீச்சர். அவரு சொல்ற மாதிரியே முடிச்சிட்டுப் போலாமே."

"அவரு முடிக்கவே இல்லியேடா" என்றார் டீச்சர். "எதுக்கு இல்லன்னு கேப்போம். கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் டீச்சர் பஸ் ஏறி வந்துவிட்டார். என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்கு நடந்தார். அமெரிக்காக்காரர் கரையில் காய்கிற வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. தட்டில் சத்தம் தேய்ந்து போகிறதே, அப்போது அந்த அறையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

குமிழ் விஷயத்தை அவர் விளக்கினார். அப்போதுதான் எங்களுக்கே அது தெரிந்தது. சத்தத்தை வெளியே இருக்கிற ஆள் குறைப்பார், உள்ளே நாங்கள் வாசித்துக்கொண்டுதான் இருப்போம் என்றார்.

"அது சரி. உள்ள இருக்கிறவங்க எப்படித்தான் நிறுத்துனீங்க?"

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் வலையின் ஒரு கண்ணியை விரலில் மாட்டி மாட்டி எடுத்தார். பிறகு சொன்னார். அன்றைக்கு டிரம்மர்தான் முதலில் நிறுத்தினான். பாட்டு நடுவிலேயே குச்சியை டிரம்மின் மேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். காப்பி குடிக்கப் போகிறான் என்று நினைத்தோம். திரும்பி வரவில்லை. அதற்குள் வெளியே குமிழைத் திருகிவிட்டதால் தட்டில் அது கேட்காது. கேட்பவர்களுக்குப் பாட்டு மெதுவாகத் தேய்ந்து போனது. எங்களுக்குப் பாதியில் நின்றது. அதோடு பேண்டும் போயிற்று.

நான் தமிழில் சொல்லச் சொல்ல டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தப் பாட்டு இன்னும் அங்கியேதான் நின்னுகினு கீது. யாராவது வந்து முடிக்கட்டும்னு பாத்துகினு கீது. அவர்ட்ட சொல்லு."

என் கடை இங்கிலீஷில் முடிந்தவரை சொன்னேன். உங்கள் பாட்டு இன்னும் அந்த அறையிலேயே நின்று காத்திருக்கிறது என்று டீச்சர் சொல்கிறார் என்றேன்.

டீச்சர் எழுந்து அவரிடம் விடைபெற்றார். வலை காயப்போட்ட பெரியவரிடம் விடைபெற்றார். பாதி வழி வந்ததும் நின்றார். நாங்கள் வந்தபோது அந்த மாடி வீட்டுக்கார அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார், அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்று திரும்ப அந்த மணலில் நடந்தார். எனக்கு வெயில் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அமெரிக்காக்காரர் இதையெல்லாம் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, என்ன டீச்சர் முடிவு பண்ணினீங்க என்று கேட்டேன்.

"சனிக்கிழம போனா போவட்டும். போவும்போது சொல்லிக்கினு போலாம்" என்றார். குரல் தடுமாறவில்லை. ஆனால் கையில் இருந்த குச்சிகளைப் பைக்குள் வைக்காமல் பஸ் வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை ஓட்டல் நிறைந்திருந்தது. அமெரிக்காக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை, சவுக்கு வேலி ஓரமாக நின்றார். அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். திரும்பத் திரும்ப வருகிற இரண்டு வரி வந்தது. மேனேஜர் எங்கள் எதிரில் நின்று, குழந்தையைத் தூங்க வைப்பது போல உள்ளங்கையைக் கீழே கீழே இறக்கிக் காட்டினார். குறை, குறை. தனசேகர் பயத்தில் குனிய ஆரம்பித்துவிட்டான். என் விரலும் தானாகத் தளர்ந்தது.

டீச்சர் மேனேஜரைப் பார்க்கவே இல்லை. வேலி ஓரம் நின்றவரையே பார்த்தார். சத்தத்தைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே போனார். தனசேகர் நிமிர்ந்தான். நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம். மேடையில் ஒருநாளும் செய்யாததை அன்றைக்குச் செய்தார். மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளை நிறுத்துகிற அந்தக் குரலை எடுத்து, "ஹால்ட்" என்றார்.

தம், தம்.

நான் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரின் இடது கால் மணலில் ஊன்றியது. வலது முட்டி உயர்ந்தது. எங்கள் இரண்டாவது அடியோடு சரியாக இறங்கியது. கைலி கட்டிய தாடிக்காரர் அட்டென்ஷனில் நின்றார்.

ஒரு விநாடி கடல் மட்டும் கேட்டது. பிறகு அவர்தான் முதலில் கை தட்டினார்.

அவரே வந்து சொன்னார். அவர்கள் ஐந்து பேரும் சந்தித்ததே பள்ளிக்கூடத்து அணிவகுப்பு பேண்டில்தானாம். அந்த டிரம்மர் முன்னால் அடித்துக்கொண்டு போவான், இவர்கள் நாலு பேரும் பின்னால் நடப்பார்களாம். இத்தனை வருஷம் கழித்துக் கால் அதை மறக்கவில்லையே என்று காலையே குனிந்து பார்த்தார். நான் தமிழில் சொன்னதும் டீச்சர், "கால் எங்க மறக்கும்? தலைதான் மறக்கும்" என்றார்.

மேனேஜர் எங்கள் நாலு பேருக்கும் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். இப்படித்தான் முடிய வேண்டும் என்று தானே சொன்னது போல விருந்தாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் கோஷ்டியைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

இரண்டு நாள் கழித்து அமெரிக்காக்காரர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்புமுன் கடைக்கு வந்து எனக்குக் கை கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரருக்கும் கை கொடுத்தார். எதிரில் இளநீர் வெட்டுகிறவருக்கும் கொடுத்தார், அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாரிடமிருந்து இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் செட்டும் ஒருநாள் கலைந்தது. தனசேகருக்கு அச்சரப்பாக்கத்துக்கு மாற்றல் வந்தது, தம்பி வேலை தேடி வடக்கே போனான். டீச்சர் கலைய விடவில்லை, முடித்துவைத்தார். இன்று எங்களுக்குக் கடைசி என்று தனசேகரை மைக்கில் சொல்ல வைத்தார். இருக்கிற பாட்டையெல்லாம் வாசித்து, கடைசி இரண்டு அடியை அடித்து, குச்சியைத் துணியில் சுற்றினார். பிறகு மேனேஜர், சமையல்காரர், அன்றைக்கு நாற்காலி அடுக்கிய அந்த சர்வர் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம், பர்மா பஜாரில் ஒரு கேசட் கண்ணில் பட்டது. அதே ஐந்து பேர். தாடி வளர்த்து, அதே லாரியோ வேறு லாரியோ, சாய்ந்து நின்றிருந்தார்கள். எப்படியோ திரும்பச் சேர்ந்து மேடையில் வாசித்திருக்கிறார்கள். கடைக்காரர் டேப் ரிக்கார்டரில் போட்டுக் காட்டினார். கடைசிப் பாட்டு அந்தப் பாட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு வரி திரும்பத் திரும்ப வந்தது. சத்தம் தேயவில்லை, ஏறிக்கொண்டே போனது.

தம், தம்.

நடுரோட்டில் நின்று நான் அழுததைப் பார்த்துக் கடைக்காரர் டேப் ரிப்பேரோ என்று கவலைப்பட்டார்.

அன்றைக்கே அந்தக் கேசட்டை வாங்கி, ஒரு இரவல் டேப் ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ரயிலேறினேன். டீச்சர் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார், மறுநாள் விளையாட்டு விழா. சுண்ணாம்புக் கையோடு வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும் பெருமை தாங்காமல் நான் பட்டனை அழுத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் தட்டுகிறார்களே, தட்டி முடிக்கட்டும் என்று கண்ணால் சொன்னார். கைதட்டல் ஓய்ந்து, டேப் வெறுமனே சுற்றி, பட்டன் தானே எகிறியது. டீச்சர் சுண்ணாம்பை உதறினார்.

"நல்லா முடிச்சிகீறாங்க" என்றார். பிறகு வலது முட்டியை ஒருதரம் தூக்கி இறக்கிப் பார்த்தார். "ரெண்டாவது அடிதான் கொஞ்சம் அவசரம். அந்த டிரம்காரரு முட்டிய சரியா தூக்கல."